தொடங்கிய சொல்லை முடிக்கும் விசை

(கணினி பழகும் தமிழாசிரியர்களுக்கென நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



தமிழாசிரியர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இருபதாண்டுக் காலம் வகுப்பறையிற் சொல்லிய பாடங்களையெல்லாம் எழுதித் தொகுத்துக் கணினியிற் சேர்த்து வைத்திருக்கின்றார் அவர். கோப்புகளுள் ஒன்றன் பெயர் ‘பாடம்’. அஃது அண்மையில் திருத்தி முடித்தது. மற்றொன்றன் பெயர் ‘பழைய பாடம்’. அது பிழை மலிந்த பழம்படி; இனித் தேவையில்லாதது. பழையதை நீக்கிவிடலாம் எனக் கருதி, இலினக்சு இயங்குதளத்தின் கட்டளை வரியில் அழித்தற் கட்டளையை எழுதுகின்றார். அதனையடுத்துப் ‘பழைய பாடம்’ என்று எழுதி, உள்ளிடு விசையைத் தட்டுகின்றார். ‘பழைய’ என்னும் பெயரில் கோப்பு இல்லையென்று கணினி ஒரு வரி விடை தருகின்றது. அழியவில்லை போலும் என்று அவர் அடைவைத் திறந்து பார்க்கின்றார். ‘பழைய பாடம்’ அப்படியே இருக்கின்றது. ‘பாடம்’ போய்விட்டது!

கணினி ஏவியதையே செய்தது. கட்டளை வரியில் இடைவெளி என்பது ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே நிற்கும் எல்லை. ஆகலின், ‘பழைய’ என்பது ஒரு கோப்பு, ‘பாடம்’ என்பது இன்னொரு கோப்பு என அது பொருள் கொண்டது. முன்னது இல்லை; இல்லையென்றது. பின்னது இருந்தது, அழித்தது. பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் செய்யுளைத் தவறாகப் பிரித்தவர் மறுபடியும் பிரித்துக்கொள்ளலாம். கட்டளை வரியில் அழித்தது குப்பைக் கூடைக்குக் கூடப் போவதில்லை, போனது போனதே.

இவ்விழப்பைத் தடுத்திருக்கக் கூடிய விசை ஒன்று அவர் இடக்கைச் சிறுவிரலின் அருகிலேயே இருந்தது. அவ்விசையைப் பற்றியதே இப்பொழிவு.

கூடும் விசையும்

கணினியை ஏவுதற்கு இரண்டு வழிகள் உள. திரையிலுள்ள படங்களைச் சுட்டியால் தொட்டு ஏவுதல் ஒன்று. கட்டளையை எழுத்தால் எழுதி ஏவுதல் மற்றொன்று. எழுதிய கட்டளையைப் படித்துப் பொருள்கொண்டு, இயங்குதளத்தின் உட்கருவுக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. உட்கருவைச் சூழ்ந்து நிற்றலின், முட்டையோட்டிற்கும் சிப்பியோட்டிற்கும் வழங்கும் ‘செல்’ என்னும் சொல்லையே அதற்கு ஆங்கிலத்தார் பெயராக இட்டனர். தமிழில் அதனைக் ‘கூடு’ எனலாம்.

விசைப்பலகையின் இடப்புற ஓரத்தில் ‘டேப்’ என்று பொறித்த விசை, பழைய தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. எண்களைப் பத்தி பத்தியாக நிரல்பட நிறுத்துதற்கு, எழுதுமிடத்தை ஒரே தாவலில் அடுத்த நிலைக்குத் தள்ளிய விசை அது. தத்திச் செல்லுதலின் தமிழில் ‘தத்தல் விசை’ எனப் பெயர்பெற்றது. கட்டளை வரியில் அதன் தொழில் வேறு. ஒரு பெயரின் முதலிற் சில எழுத்துகளை எழுதி இவ்விசையைத் தட்டினால், எஞ்சிய எழுத்துகளைக் கூடே எழுதி முடிக்கும். இதுவே பெயர்நிறைவு.

நம் ஆசிரியர் ‘பழை’ என்று எழுதித் தத்தல் விசையைத் தட்டியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? ‘பழைய’ என்று முடித்து, இடைவெளிக்கு முன்னே ஒரு பின்சாய்கோட்டையும் தானே இட்டுப் ‘பாடம்’ என்பதைச் சேர்த்திருக்கும் கூடு. இவ்விடைவெளி பெயரின் உறுப்பு, எல்லையன்று என்பதற்கு அப்பின்சாய்கோடு அடையாளம். அழிய வேண்டியது அழிந்திருக்கும். இருக்க வேண்டியது இருந்திருக்கும். எனவே இவ்விசையைக் கைச்சோம்பலுக்கு உதவும் கருவி என்று மட்டும் எண்ணிவிடலாகாது. இது காவற் கருவியுமாகும்.

குறைத்தெழுதியோரும் நிறைத்தெழுதியோரும்

இவ்வேந்து தோன்றிய வரலாற்றில் பெயரிடுதல் பற்றிய ஒரு பாடமும் அடங்கியிருக்கின்றது.

யூனிக்சு இயங்குதளத்தை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், தெனிசு இரிட்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் அவர்கள் கையாண்டது தொலையச்சுப் பொறி. மாதிரி-33 எனப்பட்ட தொலையச்சு, நொடிக்குப் பத்தெழுத்துகளே அச்சிடவல்லது; அதன் விசைகளையும் அழுத்திக் குத்த வேண்டும். ஆகவே கட்டளைப் பெயர்களைச் சுருக்கினர். பட்டியலிடு என்பதற்கு ‘எல்எசு’, படியெடு என்பதற்கு ‘சிபி’, இடம்பெயர் என்பதற்கு ‘எம்வி’, நீக்கு என்பதற்கு ‘ஆர்எம்’ என ஈரெழுத்துகளே நின்றன. கோப்பைப் படைக்கும் ஏவலுக்கு இட்ட ‘கிரியேட்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தையும் விட்டுவிட்டனர். யூனிக்சை மறுபடியும் வடிவமைப்பதாயின் எதனை மாற்றுவீர் என்று பிற்காலத்தில் தாம்சனை வினவியபோது, அச்சொல்லில் விடுபட்ட எழுத்தைச் சேர்த்து எழுதுவதாக அவர் விடையிறுத்தார் என்பர். நகைக்கக் கூறியதாயினும் பொருளுடைய விடை அது. கருவியின் குறையால் சொல்லைக் குறைத்தால், கருவி திருந்திய பின்னும் குறைந்த சொல்லே நிலைத்துவிடுகின்றது. தொலையச்சு காட்சிக்கூடம் புகுந்தும், அவ்வீரெழுத்துக் கட்டளைகள் இன்றும் அப்படியே வழங்குகின்றன.

அதே காலத்தில் வேறொரு வழியும் வகுக்கப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், எசுடிஎசு-940 என்னும் கணினிக்கென 1960-களில் ஒரு நேரப்பகிர்வு அமைப்பு ஆக்கப்பட்டது. அதில், எழுதிய தொடக்கம் ஒரே கட்டளைக்கு உரியதாயின், எவரும் கேளாமலே அமைப்பு அச்சொல்லை முடித்துவிடும். கேட்க இனிதாயினும் நடப்பில் இடர் விளைத்தது. விரல் தவறி ஒரெழுத்தை மாற்றி இட்டால், எண்ணாத கட்டளை ஒன்று முடிந்து நிற்கும்.

மாசாசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்சு நகரில் இயங்கிய போல்ட்டு-பெரானெக்கு-நியூமன் என்னும் நிறுவனத்தார், பிடிபி-10 கணினிக்கெனத் ‘தெனெக்சு’ என்னும் இயங்குதளத்தை ஆக்கியபோது இக்குறையை நீக்கினர். எழுதுவோர் ஒரு விசையைத் தட்டிக் கேட்டாலன்றிச் சொல்லை முடிக்கலாகாது என வரையறுத்தனர். அன்று அவர்கள் கொண்ட விசை ‘எசுகேப்பு’ எனப்படும் விடுபடு விசை. கட்டளைப் பெயரோடு கோப்புப் பெயரையும் முடித்துத் தருமாறு செய்தனர். இதனால் தெனெக்சில் பெயர்களைச் சுருக்க வேண்டிய தேவை எழவில்லை. முழுச்சொல்லே பெயர், எழுதுவது முதற்சில எழுத்துகள், திரையிலோ தாளிலோ நிற்பது முழுச்சொல். சொல்லும் குறையவில்லை, கையும் நோகவில்லை.

இவ்வேந்து பின்னர் யூனிக்சுக்கும் வந்து சேர்ந்தது. கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கென் கிரியர், தெனெக்சைப் போலக் கோப்புப் பெயரை நிறைக்கும் நிரலை 1975-இல் எழுதத் தொடங்கி, 1981-இல் அதனைச் ‘சி’ கூட்டோடு இணைத்தார். ‘டிசிசெல்’ எனப்பெற்ற அக்கூட்டின் பெயரில் முன்னிற்கும் எழுத்து தெனெக்சைக் குறிப்பது. 1989-இல் பிரையன் பாக்சு என்பார் குனூ திட்டத்துக்கென எழுதிய ‘பாசு’ என்னும் கூடு வெளிவந்தது. இலினக்சு கணினிகளிற் பெரும்பாலனவற்றில் இன்று இயங்குவது அதுவே.

மூன்று விடைகள்

தத்தல் விசையைத் தட்டியவுடன், அதுவரை எழுதிய தொடக்கத்தைக் கூடு எடுத்துக்கொள்கின்றது. வரியின் முதற்சொல்லாயின் கட்டளைப் பெயர்களுள்ளும், பின்வருவதாயின் அடைவிலுள்ள கோப்புப் பெயர்களுள்ளும், அத்தொடக்கமுடையவற்றைத் தேடுகின்றது. விடை மூன்றுள் ஒன்றாக அமையும்.

பொருந்தும் பெயர் ஒன்றேயாயின், அதனை முழுதும் எழுதி ஓர் இடைவெளியும் விடும். அஃது அடைவாயின் சாய்கோடு இடும். பொருந்துவன பலவாயின், அவை அனைத்திற்கும் பொதுவான எழுத்துகள் வரை எழுதி நின்றுவிடும். மறுமுறை தட்டினால் அப்பெயர்களைப் பட்டியலிடும். பொருந்துவது எதுவும் இல்லையாயின், ஒன்றும் எழுதாது.

இரண்டாம் விடையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஐயம் நேர்ந்தவிடத்து இக்கருவி உய்த்துணர்ந்து ஒன்றைத் திணிப்பதில்லை. தெரிந்த அளவிற்குச் சென்று, தெரியாத இடத்தில் நின்று, ‘இவற்றுள் எது?’ என்று வினவுகின்றது. இன்று கைப்பேசியில் எழுதும்போது, கேளாமலே சொல்லை மாற்றி வைக்கும் மென்பொருளால் இடருறாதவர் அரியர். பெர்க்கிலியில் கண்டு திருத்திய பழங்குறை அன்றோ அது!

மூன்றாம் விடையாகிய வாளாவிருத்தலும் ஒரு செய்தியே. பெயர் முடியவில்லையென்றால், எழுத்துப் பிழை நேர்ந்திருக்கவேண்டும். அல்லது வேறோர் அடைவில் நிற்கவேண்டும். உள்ளிடு விசையைத் தட்டும் முன்பே பிழை வெளிப்பட்டுவிடுகின்றது. ஆகவே அழித்தல், பெயர்த்தல் ஆகிய கட்டளைகளில் கோப்புப் பெயரை ஒருபோதும் முழுதாகக் கையால் எழுதாமல், தத்தல் விசையால் முடித்துக்கொள்வதே காவல்.

அமைக்கும் முறை

பாசு கூட்டில் கோப்புப் பெயரை நிறைக்கும் ஏந்து முன்னரே அமைந்திருக்கின்றது. அதனைத் தம் கைப்பழக்கத்திற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். எழுத்துள்ளீட்டைக் கவனிக்கும் ‘இரீடுலைன்’ என்னும் நிரற்றொகுதி, தன் அமைப்புகளைப் பயனரின் வீட்டடைவிலுள்ள ‘.இன்புட்டார்சி’ என்னும் கோப்பிலிருந்து படிக்கின்றது. புள்ளியில் தொடங்கும் பெயராதலின் அது பட்டியலில் பொதுவாகத் தோன்றாது. இல்லையாயின் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். அதில் வரிக்கு ஒன்றாக ‘செட்’ என்று தொடங்கி, அமைப்பின் பெயரும் ‘ஆன்’ என்பதும் எழுதவேண்டும்.

‘சோ-ஆல்-இஃப்-ஆம்பிகுவசு’ என்பது முதலமைப்பு. ஐயமாயின் அனைத்தையும் காட்டு என்பது இதன் பொருள். இதனை இயக்கினால், இரண்டாம் முறை தட்டாமலே, முதற்றட்டிலேயே பட்டியல் தோன்றும். ‘கம்ப்ளீசன்-இக்னோர்-கேசு’ என்பது இரண்டாவது. ஆங்கிலத்தின் பேரெழுத்து சிற்றெழுத்து வேறுபாட்டைப் பாராதே என்பது இதன் பொருள். தமிழ்ப் பெயர்களுக்கு இவ்வமைப்பே வேண்டா. அவ்வேறுபாடு தமிழெழுத்திற்கு இல்லையன்றோ? பட்டியல் காட்டுதற்கு மாறாகத் தட்டுந்தோறும் ஒவ்வொரு பெயராக வரியிலேயே வந்து நிற்கவேண்டுமென விரும்புவோர், தத்தல் விசையை ‘மெனு-கம்ப்ளீட்’ என்னும் செயலோடு பிணைத்துக்கொள்ளலாம். கோப்பைச் சேமித்தபின், கட்டுப்பாட்டு விசையோடு எக்சு, மறுபடியும் கட்டுப்பாட்டு விசையோடு ஆர் எனத் தட்டினால், புதிய அமைப்புகள் அப்பொழுதே நடைமுறைக்கு வரும்.

கட்டளைக்குப் பின்வரும் சொற்களையும் அறிந்து முடிக்கும் ஆற்றல், 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பாசு 2.04 பதிப்பில் சேர்ந்தது. இன்ன கட்டளைக்குப் பின் இன்ன சொற்களே வரும் என்று கூட்டுக்கு அறிவித்துவிடலாம். பரவலாக வழங்கும் கட்டளைகள் பலவற்றுக்கு இவ்வறிவிப்புகளைத் தொகுத்து வைத்திருப்பது ‘பாசு-கம்ப்ளீசன்’ என்னும் தொகுப்பு. தெபியன், உபுண்டு முதலிய இலினக்சு வழங்கல்களில், அப்பெயராலேயே அதனை நிறுவிக்கொள்ளலாம். ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் 2019 முதல் இயல்பான கூடாக விளங்குவது ‘செட்-செல்’. அதில் விரிவான பெயர்நிறைவை இயக்குதற்கு, வீட்டடைவிலுள்ள அதன் தொடக்கக் கோப்பில் ‘காம்ப்பினிட்’ என்னும் செயலை ஏற்றி இயக்கும் இரண்டு வரிகளைச் சேர்த்தல் போதும்.

தம் சொந்தக் கட்டளைக்கும் ஒருவர் பெயர்நிறைவு அமைக்கலாம். ஐந்திணைகளுள் ஒன்றன் பெயரைத் தந்தால், அத்திணைக்குரிய பாடக்குறிப்பைத் திரையில் காட்டும் சிறுநிரல் ஒன்றைத் ‘திணை’ என்னும் பெயரால் எழுதி வைத்திருக்கின்றார் என்க. பாசு கூட்டின் தொடக்கக் கோப்பாகிய ‘.பாசார்சி’யில் ஒரே வரி எழுதவேண்டும். ‘கம்ப்ளீட்’ என்னும் உட்கட்டளை முதலில். அடுத்து ஒரு சிறுகோடும் அதனோடு ஒட்டி ஆங்கிலப் பேரெழுத்தாகிய டபிள்யூவும். அடுத்து மேற்கோட்குறிகளுக்குள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்து சொற்களும் காற்புள்ளியின்றி இடைவெளி மட்டும் விட்டு. இறுதியில் ‘திணை’ என்னும் கட்டளைப் பெயர். இவ்வளவே. முனையத்தைப் புதிதாகத் திறந்து, ‘திணை’ என்று எழுதி இடம்விட்டு, ‘நெ’ என்று எழுதித் தத்தல் விசையைத் தட்டினால், ‘நெய்தல்’ என்று முடியும்.

தமிழ்ப் பெயரும் கணினியின் எழுத்தெண்ணிக்கையும்

தமிழில் இஃது இயங்குதற்கு முதலில் வேண்டுவது, கணினியின் மொழியிட அமைப்பு யூடிஎப்-8 குறிமுறையில் இருத்தல். அதில்லாவிடின் தமிழெழுத்துகள் பொருளற்ற குறிகளாகச் சிதறும். சில முனையங்களில் கொம்பும் காலும் இடம்மாறித் தோன்றுவதுண்டு. அது காட்டும் குறை. கோப்பின் பெயருக்கு அதனால் ஊறில்லை.

இனி, தமிழாசிரியர் வியக்கும் இடம் ஒன்று வருகின்றது. அதே கட்டளையில் ‘ம’ என்று எழுதித் தத்தல் விசையைத் தட்டுக. மகரம் முதலாகியது மருதம் ஒன்றே, முல்லை ‘மு’வில் தொடங்குவது, ஆகவே மருதம் வந்து நிற்கவேண்டும் என்று தமிழறிந்தார் எதிர்பார்ப்பர். வாராது. ‘முல்லை, மருதம்’ என இரண்டையும் கூடு காட்டும்.

கரணியம் இது. 1988-ஆம் ஆண்டின் இந்தியக் குறிமுறையைத் தழுவி, 1991-இல் வெளிவந்த ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் அகரமேறிய மெய்யாகிய ‘ம’ ஒரு குறி. ‘மு’ என்பது ‘ம’வும் உகரக் குறியீடும் என இரண்டு குறி. ‘ம்’ என்பதும் ‘ம’வும் புள்ளியும் என இரண்டு குறி. வரிவடிவத்தை மட்டும் நோக்கின் இது தொல்காப்பியத்திற்கு முற்றும் மாறன்று. மெய் புள்ளி பெறும் என்பதும், புள்ளி நீங்கிய வடிவம் அகரத்தோடு கூடியது என்பதும் அந்நூல் கூறுவனவே. ஆனால் எழுத்தென்று எண்ணும்போது, தமிழிலக்கணம் ‘ம்’, ‘ம’, ‘மு’ மூன்றையும் தனித்தனி ஓரெழுத்தாக எண்ணும். கணினியோ குறியையே எண்ணும். அதற்கு ‘மு’வின் தொடக்கம் ‘ம’.

இதனால் விளையும் புதுமை இன்னொன்று. ஓர் அடைவில் குறள், குறுந்தொகை, குறிஞ்சிப்பாட்டு என மூன்று கோப்புகள் உள்ளன என்க. ‘கு’ என்று எழுதித் தட்டினால், ‘குற’ என்று எழுதி நிற்கும் கூடு. இரண்டாம் எழுத்துகள் ற, று, றி என வேறுவேறாயிருக்க, றகரம் எப்படிப் பொதுவாயிற்று? குறியளவில் பொதுவாதலின் ஆயிற்று. இவ்விடத்தில் குறுந்தொகையை வேண்டுவோர் உகரத்தை மட்டும் தட்டினால், தமிழ்99 முதலிய விசைமுறைகளில் ‘குறஉ’ என்று பிரிந்து நிற்கக் கூடும். றகரத்தை அழித்து, ‘று’ என்று முழுவெழுத்தாக எழுதித் தட்டுதலே தக்கது. தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும், ஒருங்குகுறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் தரமாக ஏற்றதுண்டு. ஆயினும் இயங்குதளங்களில் கோப்புப் பெயர்கள் ஒருங்குகுறியிலேயே எழுதப்பெறுதலின், அதன் இயல்பை அறிந்து பயன்கொள்ளல் வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றிக் கணினிக்கு வேறாய் நிற்பனவும் உள. ‘ஔவை’ என்னும் பெயரின் முதலெழுத்தை ஔகாரமாக எழுதாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என எழுதுவோர் பலர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். ஒருவர் ‘ஒள’ என்று எழுதிவைத்த கோப்பை, மற்றொருவர் ‘ஔ’ என்று எழுதித் தேடினால், தத்தல் விசை வாய்திறவாது. ‘கொன்றை’ என்பதன் ஒகரக் குறியீட்டை ஒரே குறியாகவும் இடலாம். கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் இடலாம். இலினக்சில் கோப்புப் பெயர் இட்டவாறே நிற்குமாதலின், ஒரே அடைவில் இரண்டு ‘கொன்றை’கள் வெவ்வேறு கோப்புகளாக இருத்தலும் கூடும். எழுத்துப் பிழை என்பது ஏட்டில் பார்வைக்குறை. இங்கோ கோப்பையே காணாமற் செய்யும் குறை.

பெயரை எப்படி இடுவது?

தமிழ் நூற்குறிப்புகளைத் தொகுப்போர் பலரும் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தால் எழுதிவைக்கின்றனர். கேட்டால், தமிழ்ச்சொல் நீளம், தட்டுவது கடினம் என்பர். அவ்விடையின் இரண்டு கூறுகளையும் தத்தல் விசை தகர்க்கின்றது.

முதலாவது, நீளம் இங்கே சுமையன்று. ‘பத்தாம்வகுப்பு-இலக்கணம்-புணர்ச்சி’ என்று எத்துணை நீளமாகப் பெயரிட்டாலும், மூன்று நான்கு எழுத்துகளே எழுத வேண்டுவன. தெனெக்சை ஆக்கியவர்கள் கண்ட வழி இதுவே: சொல்லைக் குறைக்காமல் உழைப்பைக் குறைப்பது.

இரண்டாவது, பெயர்நிறைவுக்கு உயிர்நாடி எழுத்தொழுங்கு. ழகரத்தை ஆங்கில எழுத்தில் ஒருவர் இரண்டெழுத்தால் எழுதுவார். இன்னொருவர் லகரத்திற்குரிய ஓரெழுத்தால் எழுதுவார். தகரத்தை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும் எழுதுவர். நெடில் குறில் வேறுபாட்டைச் சிலர் காட்டுவர், சிலர் காட்டார். ஒரே ஆசிரியரே சென்ற ஆண்டு ஒருவகையும், இவ்வாண்டு வேறொருவகையுமாக எழுதியிருப்பார். தொடக்க எழுத்தே உறுதியில்லாதபோது, எதைக்கொண்டு கூடு முடித்துத் தரும்? தமிழெழுத்தில் எழுதினால் ‘திருக்குறள்’ என்பதற்கு ஒரே எழுத்துமுறைதான் உண்டு. தமிழ்ப் பெயரைத் தமிழெழுத்தால் எழுதுதல், பற்றினால் மட்டும் கொள்ளும் கொள்கையன்று. தேடியது கிடைக்கவேண்டும் என்னும் நடைமுறைத் தேவையுமாகும்.

பெயரிடுங்கால் மூன்றனைக் கடைப்பிடிக்கலாம். ஒன்று, பெயருக்குள் இடைவெளி விடாமல் சிறுகோட்டால் இணைத்தல். நம் ஆசிரியரின் கோப்பு ‘பழைய-பாடம்’ என்று இருந்திருந்தால், இழப்பே நேர்ந்திராது. இரண்டு, வேறுபடுத்தும் சொல்லை முன்னே வைத்தல். நூறு கோப்புகளும் ‘தமிழ்ப்பாடம்’ என்றே தொடங்குமாயின், தத்தல் விசை நூற்றிலும் திகைத்து நிற்கும். ‘புணர்ச்சி-பாடம்’, ‘அணி-பாடம்’ எனத் தொடங்கினால், ஓரிரு எழுத்துகளிலேயே முடியும். மூன்று, ஓர் அடைவைப் பலர் பயன்படுத்துவராயின், அனைவரும் ஒரே விசைமுறையால் எழுதுதல். ஔகாரத்தை ஔகாரமாகவே எழுதுதல்.

அன்பர்களே! இவ்விசை தானாக ஒரு சொல்லையும் படைப்பதில்லை. அடைவில் எப்பெயர் இருக்கின்றதோ, அதனையே முடித்துத் தருகின்றது. ஆங்கிலப் பெயரை இட்டுவைத்தார்க்கு ஆங்கிலத்தை முடிக்கும். அரைகுறைப் பெயரை இட்டார்க்கு அரைகுறையையே முடிக்கும். தமிழில் நிறைவான பெயரை இட்டார்க்கு நிறைந்த தமிழை முடிக்கும். கருவியின்மேல் குறைகூறும் முன், அதன்முன் எதனை வைத்தோம் என்று ஒவ்வொருவரும் தம் அடைவைத் திறந்து பார்க்கவேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் செய்யத்தக்க பணி சிறியது. ஓர் அடைவைத் திறந்து, அதிலுள்ள பத்துக் கோப்புகளுக்கு இடைவெளியில்லாத, பிழையில்லாத, முழுமையான தமிழ்ப் பெயர் இடுக. பின்னர்க் கட்டளை வரியில் ஒவ்வொன்றன் முதலெழுத்தை மட்டும் எழுதித் தத்தல் விசையைத் தட்டுக. எது முடிகின்றது, எது முடியாமல் வினவுகின்றது என்று காண்க. முடியாதன பெயர் திருந்த வேண்டியன. அப்பத்தும் திருந்தியபின், அடுத்த பத்தை எடுத்துக்கொள்க.